நியருக்கும் டச்சிங்குக்கும் நடுவே ஐந்தருவி

திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே கோமதி ஆச்சி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றுவிட்டார்.

சாரல் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. ஆச்சியின் கையில் கறுப்புக் குடை. குடைக்குள் ஆச்சியும், என் வகுப்பில் படிக்கும் அவர் மகள் வடிவும். (ஆச்சி என்பது எங்கள் பக்கத்தில் மரியாதைப் பெயர்; பாட்டி அல்ல.) வடிவின் கையில் புத்தகப் பை இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஏம்மா டீச்சர், செத்த இங்கன வாங்க. உங்கட்ட ஒண்ணு கேக்கணும்.”

ஆச்சி உள்ளே வரமாட்டார். பள்ளிக்கூடத்துக்குள் யார் யாரோ நடமாடுகிறார்கள் அல்லவா?

அவர் என்ன கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஆச்சியைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்வாரே என்கிறீர்களா? அவர் ஏற்கெனவே கோபமாகத்தான் இருக்கிறார்...

எல்லாம் நாலு இங்கிலீஷ் வார்த்தைகளால் வந்த வினை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்து படித்தவள் நான். இதை இந்தப் பத்தியில் நான் எந்த வாரம்தான் எழுதாமல் விட்டேன்? வீரகேரளம்புதூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற என் அப்பா இன்றைக்கும் கைநாட்டுத்தான். ஆனால் தென்காசிச் சந்தைக்கு வந்தால் அவர் நெல்லைப் பற்றிப் பேசுவதைவிட என்னைப் பற்றிப் பேசுவது அதிகம். “எம்மவ இங்கிலீசுலதான் கனாவே காணுதா” என்று போன மாதம் ஒரு தரகரிடம் சொல்லியிருக்கிறார். சத்தியமாக இல்லை. கனவில் எனக்கு வருவது பரீட்சைதான் — அதுவும் தமிழில்.

அப்படிப்பட்டவளுக்கு இங்கிலீஷ் பாடம் நடத்துகிற வேலை கிடைத்தால் சும்மா இருப்பாளா? பாடப் புத்தகத்தில் ஒரு வார்த்தை இருந்தால், அதன் அண்ணன் தம்பி, சித்தி பெரியம்மா எல்லாரையும் அகராதியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிடுவேன். அப்படித்தான் பக்கத்தில் இருப்பதைச் சொல்லுகிற வார்த்தைகளை எல்லாம் ஒருநாள் கரும்பலகையில் எழுதினேன்.

நியர். தூரம் இல்லை, அவ்வளவுதான். தென்காசிக்குக் குற்றாலம் நியர். நடுவில் எத்தனை வயல், எத்தனை தோப்பு இருந்தாலும் நியர்தான்.

பிஸைட். பக்கவாட்டில் நிற்பது. வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் பிஸைட்.

அட்ஜாய்னிங். ஒட்டி இருப்பது. நானும் என் அத்தையும் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். அவர்கள் அம்மியில் அரைத்தால் எங்கள் அலமாரியில் டம்ளர் ஆடும். அது அட்ஜாய்னிங்.

டச்சிங். தொடுவது. இதற்கு மேல் நெருங்க இடமே இல்லை.

“டீச்சர், எங்க வயலும் சித்தப்பா வயலும் அட்ஜாய்னிங்” என்றாள் ஒருத்தி.

“ரொம்ப சரி.”

“அதனாலதான் டீச்சர் ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

பாருங்கள், அகராதியில் இல்லாத அர்த்தம்கூட வகுப்பில் கிடைத்துவிடுகிறது!

வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தால் மறந்துபோகும், செய்து காட்டினால் மறக்காது என்பது என் கட்சி. ஆகவே இரண்டிரண்டு பேராக எழுந்து நின்று செய்து காட்டச் சொன்னேன். நியர் என்றால் நாலடி தள்ளி நிற்க வேண்டும். பிஸைட் என்றால் பக்கத்தில் வர வேண்டும். அட்ஜாய்னிங் என்றால் தோளும் தோளும் ஒட்ட வேண்டும். டச்சிங் என்றால் கை கோத்துக்கொள்ள வேண்டும். ஒரே கும்மாளம். முதல் வரிசையில் இரண்டு பேர் அட்ஜாய்னிங் ஆன வேகத்தில் மூன்றாவது பெண் கீழே விழுந்தாள்.

கும்மாளத்தில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. வடிவு தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஜோடியில்லாமல் மிச்சமிருந்தவள் இன்னும் ஒருத்திதான் — இசக்கி.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்கள் தரையில்தான் உட்காருகிறார்கள். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் தடுக்கு. காலையில் வந்து போட்டுக்கொண்டால் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருக்கும். இசக்கியின் தடுக்கு மட்டும் கதவோரம், கடைசித் தடுக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி. இசக்கி ஊருக்கு வெளியே இருக்கிற தெருவைச் சேர்ந்தவள். அந்த ஒரு முழத்தை யாரும் விடச் சொல்லவில்லை. யாரும் அளந்து பார்ப்பதும் இல்லை. ஆனால் தினமும் தவறாமல் அது அங்கே இருக்கும்.

வடிவோ, ஆசாரம் மிகுந்த சைவக் குடும்பத்துப் பெண். கோயில் காரியங்களில் பரம்பரையாக முதல் மரியாதை வாங்குகிற வீடு. பள்ளிக்கூடம் விட்டுப் போனால் அவள் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைய முடியாது. கொல்லைப்புறமாகப் போய், கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றி, வேறு பாவாடை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பள்ளிக்கூடத்துத் தீட்டாம்.

இசக்கிக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் அவளுக்குத் தலைகால் புரியாது. சிரித்தால் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோகும் — அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு. “டச்சிங்” என்று நான் சொன்ன வேகத்தில் குதித்து எழுந்து கையை நீட்டிவிட்டாள்.

வடிவு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

மற்ற ஜோடிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

இசக்கி நீட்டிய கையைப் பார்த்தாள். அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தாள். “டீச்சர், நான் நியர்லயே நின்னுக்கிடுதேன். எனக்கு அந்த வார்த்தைதான் நல்லா வருது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வடிவு சிரிக்கவில்லை. அவள் கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது, முகம் மட்டும் சிவந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அகராதியை மறுபடி புரட்டினேன். ஒரே பாடம் காதில் விழுகிற அளவுக்குப் பக்கம், ஆனால் ஒரு முழம் தள்ளி... இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறதா? இல்லை. வெள்ளைக்காரனுக்குத் தெரியாத சமாசாரமோ? அதெப்படி? சாரல் சீஸனுக்குக் குற்றாலத்துப் பங்களாவில் வந்து இறங்குகிற துரைமார் முன்னால் நம் குமாஸ்தாக்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த ஒரு முழம் அவர்களுக்கும் அத்துப்படி. தமிழிலும் அதற்குத் தனி வார்த்தை இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததற்குப் பெயர் எதற்கு?

போகட்டும். சனிக்கிழமைக்கு வருவோம்.

சீஸன் வந்தால் பெண்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். இந்தத் தடவை நான் பேரருவிக்குப் போகவில்லை. அங்கே போகிற வழி கோயிலை ஒட்டிப் போகிறது. இசக்கியை வைத்துக்கொண்டு அந்த அட்ஜாய்னிங் நமக்கு வேண்டாம் என்று நேரே ஐந்தருவிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

வண்டியில் இடம் இல்லை என்று யாரும் இசக்கியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடி வந்தாள். நான் இறங்கி அவளோடு நடந்தேன். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் குதித்தார்கள். கடைசியில் வண்டியில் மிஞ்சியது சோற்று மூட்டையும் வண்டிக்காரரும்தான். “இதுக்கு எதுக்கு டீச்சரம்மா வண்டி? மாட்டையும் ஏத்திக்கிட்டு நீங்களே இழுத்துட்டுப் போகலாம்லா?” என்றார் அவர்.

ஐந்தருவியில் அன்று தண்ணீர் ஐந்தாக விழவில்லை. எல்லாம் சேர்ந்து ஒன்றாகவே விழுந்தது! அந்த இரைச்சலைக் கேட்டதும் என் பெண்கள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அருவிக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தண்ணீர் அதிகமாக விழுகிற நாளில் யாரும் தனியாக உள்ளே போக மாட்டார்கள். கை கோத்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள். முன்பின் தெரியாத அம்மாள்கூட உங்கள் பக்கம் கையை நீட்டுவார். பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் யார், எந்த ஊர், என்ன ஆட்கள்? இதையெல்லாம் கேட்க அங்கே நேரம் இல்லை. கேட்டாலும் காதில் விழாது.

வம்பே வேண்டாம் என்று வடிவை வரிசையின் இந்தக் கோடியிலும் இசக்கியை அந்தக் கோடியிலும் நிறுத்தினேன். வெகு சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாக நினைப்பு.

தண்ணீருக்குள் போன பிறகு கோடியாவது, நடுவாவது! அருவி தலையில் அறைகிறது, முதுகில் குத்துகிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர். வரிசை எப்போது கலைந்தது என்று யாருக்கும் தெரியாது. “வழுக்குது!” என்று ஒரு அலறல் மட்டும் கேட்டது. வடிவின் குரல்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பாசிப் பாறையில் முழங்கால் மடங்கிக் கிடந்த வடிவை ஒரு கை மணிக்கட்டோடு பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. நாற்றுக்கட்டுச் சுமந்து பழகிய கை. அந்தப் பிடி எங்கே நழுவும்?

இரண்டு பேரும் ஓரத்துக்கு வந்தார்கள். வடிவு நின்றுவிட்டாள். இசக்கி வெடுக்கென்று தன் கையை இழுத்துக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். எல்லாருடைய கண்ணும் வடிவின் மேல்தான்.

வடிவு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். இசக்கியைப் பார்த்தாள். பிறகு எட்டி இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு, அருவியை மிஞ்சும் குரலில் கத்தினாள் —

“டீச்சர்! டச்சிங்!”

அவ்வளவுதான். அத்தனை பெண்களும் “டச்சிங்! டச்சிங்!” என்று கத்திக்கொண்டு மறுபடி தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். இந்தத் தடவை யார் பக்கத்தில் யார் என்று நான் பார்க்கவில்லை. வெளியே வருவதும், கத்துவதும், உள்ளே போவதுமாக ஒரே ஆட்டம். தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு மதுரைக்கார அம்மாள் என்னிடம் வந்து, “இது என்னம்மா மந்திரம்? அருவிக்குள்ள சொன்னா விசேஷமா?” என்று பயபக்தியோடு கேட்டார்.

“ரொம்ப விசேஷம்” என்றேன்.

அவரும் “டச்சிங்” சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

இனி ஆச்சியிடம் வருவோம். பாவம், குடை பிடித்த கை வலித்திருக்கும்.

செய்தியை அவரிடம் சொன்னது யார் என்கிறீர்கள்? வடிவேதான். சந்தோஷம் தாங்காமல் சோறு சாப்பிடும்போது சொல்லிவிட்டாளாம்.

ஆச்சியை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. தங்கள் தெருவில் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பிய முதல் தாய் அவர்தான். ஆனால் ஆசாரம் என்று வந்துவிட்டால் ஆச்சி ஒரு வக்கீல். பல்லி விழுந்தால் என்ன செய்ய வேண்டும், காக்காய் தலையில் தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று நாலு தெருவிலிருந்தும் அவரிடம் வந்து கேட்பார்கள். தனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்கிற பேச்சு அவரிடம் கிடையாது.

“எம்மவ சனிக்கிழமை யாரு கையைப் பிடிச்சா?”

“அருவியில வழுக்கிட்டு ஆச்சி. அந்தப் பிள்ளை பிடிக்காட்டா மண்டை உடைஞ்சிருக்கும்.”

“பிடிச்சதுக்கு அவளுக்குப் புண்ணியம் உண்டு. நான் இல்லைங்கலியே. ஆனா பெறவும் பிடிச்சாளாமே? வழுக்காமலே பிடிச்சாளாமே? அதுக்கு என்ன சொல்லுதிய?”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் தமிழும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டன.

“ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா? அதான். எழுதப் படிக்கத் தெரிஞ்சிட்டு, அது போதும். இன்னையோட இவ படிப்பு சரி. வீட்டுல இருக்கட்டும்.”

வடிவு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால் அவள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக நிற்பார்கள். அதைத் தடுக்கப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வார்கள்? இசக்கியை நிறுத்துவார்கள். எனக்கு அது வரைக்கும் மனக்கண்ணில் ஓடிவிட்டது. இசக்கியும் அங்கேதான், மழைக்குத் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவளுக்கும் ஓடியிருக்க வேண்டும். அன்று அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அப்போது குடைக்குள்ளிருந்து ஒரு குரல்.

“எம்மா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“தொட்டுட்டா என்ன செய்யணும்?”

“தலை முழுகணும். இதுகூடவா தெரியாது?”

“எப்ப முழுகணும்?”

“உடனே முழுகணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு நல்லது.”

“நான் முழுகிக்கிட்டேதாம்மா தொட்டேன். அவ கையி என் கையில இருக்கும்போதே தலையில ஐந்தருவி விழுது. இதைவிடச் சீக்கிரமா யாரால முழுக முடியும்?”

ஆச்சி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அந்த வக்கீல் மூளை வேலை செய்வதை நான் கண்ணால் பார்த்தேன். ‘எதிர்த்தா பேசுதே?’ என்று மகள் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வேறு ஆளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆச்சியோ, குடைக்கம்பியைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டார்.

“அருவித் தண்ணி தீர்த்தம்லா... தொட்ட நேரமும் முழுகின நேரமும் ஒண்ணுன்னா, தீட்டு ஒட்டுததுக்கு நடுவுல இடம் எங்கன இருக்கு?”

விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார்.

“சரி” என்றார் கடைசியில். தீர்ப்புச் சொல்லுகிற குரல். “தண்ணிக்குள்ள தொட்டது தொட்டதில்ல. கரையில தொட்டாத் தொட்டதுதான். வெளங்குச்சா?”

எனக்கு அதுவே போதும். நான் கும்பிடு போடத் தயாராகிவிட்டேன். சுவரோரம் நின்றவளுக்குப் போதவில்லை.

“ஆச்சி, சாரலுக்குள்ள தொட்டா?”

ஆச்சி திரும்பிப் பார்த்தார். இசக்கியிடம் அவர் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“சாரல் என்ன குளியலா, ஏட்டி? பன்னீர் தெளிச்ச மாதிரில்லா விழுது. தலை சொட்டச் சொட்ட நனையாண்டாமா?”

“சொட்டச் சொட்ட நனைஞ்சா?”

“நனைஞ்சா... நனைஞ்சா அது வேற.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் வடிவு குடையை விட்டு வெளியே போய்விட்டாள். முற்றத்து நடுவில் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். இசக்கி தலைச் சாக்கை உருவி எறிந்துவிட்டு எதிரே போய் நின்றாள். அந்தச் சமயம் பார்த்து மலைப்பக்கத்திலிருந்து கனமாக ஒரு சாரல் இறங்கியது.

“சொட்டுதா?”

“காதுகிட்டச் சொட்டுது. உச்சியில இன்னும் காயுது.”

“இப்ப?”

“ம்... இப்ப நல்லாச் சொட்டுது!”

இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டார்கள். வகுப்பு முழுதும் வெளியே ஓடி வந்தது. “டச்சிங்! டச்சிங்!” என்று ஒரே கூச்சல்.

ஆச்சி உதட்டைக் கடித்தார். கோபமாகத்தான் இருக்க முயன்றார். முடியவில்லை. குடை குலுங்கியது.

“ஏட்டி, சளி பிடிக்கும்டி! ரெண்டு பேரும் உள்ள போயித் தலையத் துவட்டுங்க!”

ரெண்டு பேரும் என்று சொன்னார்! நான் காது குளிரக் கேட்டேன். பிறகு என் பக்கம் திரும்பி, “பையை ஆள்ட்டக் குடுத்து விடுதேன்” என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் குடையைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டார்.

இது பெரிய வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை. காய்ந்த தரையில் ஆச்சியின் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. நனைந்தால்தான் மனுஷி என்பது ஒரு நியாயமா என்று இசக்கி ஒருநாள் கேட்பாள். கேட்கிற பெண்தான் அவள். அப்போது ஆச்சிக்கு மட்டுமா, எனக்கும்தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்?

அதுவரைக்கும் என்ன செய்யலாம்? இந்த வாரம் முழுக்க இங்கிலீஷ் பாடத்தை முற்றத்தில் நடத்துகிறேன். புத்தகம் எல்லாம் நனைகிறது என்று தலைமை ஆசிரியைக்கு வருத்தம். என் அத்தை எனக்குச் சுக்குக் கஷாயம் போட்டே அலுத்துவிட்டார்.

இந்த வருஷம் சாரல் சீக்கிரம் நின்றுவிடக் கூடாது என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் — நெல்லுக்காக மட்டும் அல்ல!